ஐந்தாவது ஆள்

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு உங்களுக்கு?"

சமையலறையிலிருந்து மருமகளின் குரல் வந்து விழுந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றாள்.

"ஏழு மணி ஆனா போதும், கிளம்பிடறீங்க. எங்கன்னு கேட்டா நடக்கப் போறேன்! ரெண்டு பொண்ணுங்களுக்கும் தலை பின்னி, பள்ளிக்கூடத்துல விட்டுட்டு, ஒன்பது மணிக்கு நான் மருந்துக்கடையில நிக்கணும்... எனக்கென்ன பத்துக் கையா இருக்கு, அத்தை?"

"சீக்கிரம் வந்துடறேம்மா... பாத்திரமெல்லாம் அப்படியே போட்டுட்டுப் போ, நானே..."

"ஒண்ணும் வேண்டாம். நீங்க நல்லா காத்து வாங்கிட்டு வாங்க!"

அம்மா மறு செருப்பையும் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். நின்று பேசினால் உண்மை வந்துவிடும். வந்தால் மகனால் பெண்டாட்டி முகத்தில் விழிக்க முடியாது. மாமியார் வாய்க்குப் பூட்டுப் போட மருமகள்கள் தவம் கிடப்பார்கள் என்பார்கள். இந்த மாமியார் தானே பூட்டிச் சாவியையும் விழுங்கியிருந்தாள்.

அந்த இரண்டு அறை வீட்டில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வாடகை ஒப்பந்தம். மகன், மருமகள், இரட்டைப் பெண்கள் என்று நான்கு பேர். அப்பா போன பிறகு வந்து சேர்ந்த அம்மா ஐந்தாவது ஆள். வீட்டுக்காரர் வருகிறார் என்றால் அவளுடைய பாயும் துணிப்பையும் கட்டிலுக்கடியில் போகும், அவள் பூங்காவுக்குப் போவாள். அந்த வாடகைக்கு அந்தப் பக்கத்தில் இன்று ஒரு குளியலறைகூடக் கிடைக்காது. அதனால் அவளும் முகம் சுளிக்காமல் பெஞ்சில் போய் உட்காருவாள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள், பேத்திகள் 'சாவிக்கொத்து' என்று பெயர் வைத்திருந்த அந்த வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அம்மா கையில் துடைப்பத்தோடு கதவைத் திறந்தாள்.

"யாரு நீங்க? வீட்டு வேலைக்கு வர்றவங்களா?"

பின்னால் மகன் நின்றிருந்தான். வாயைத் திறந்தான். பெற்றவள் முந்திக்கொண்டாள்.

"ஆமாங்கய்யா. தினம் வந்து பெருக்கித் துடைச்சுட்டுப் போறேன்."

"ஆமா சார்" என்றான் மகனும், தரையைப் பார்த்துக்கொண்டு.

மருமகள் அப்போது கடையில் இருந்தாள். நடந்ததை இருவரும் அவளிடம் சொல்லவில்லை. தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அன்று வாடகையை ஏற்றப் போவதாகச் சொல்லிவிட்டுச் சாவிக்கொத்து படி இறங்கியபோது, குப்பை கொட்டும் சாக்கில் அம்மா பின்னாலேயே ஓடினாள். "அய்யா, இவங்களே இழுத்துப் பிடிச்சுக் குடும்பம் நடத்துறாங்க. ஏத்தினா முதல்ல என்னைத்தான் நிறுத்துவாங்க. உங்க வீட்டுக்கும் வந்து வேலை செய்யறேன், சம்பளம் வேண்டாம்... ஏத்தாதீங்கய்யா!"

அவர் மனைவிக்கு மூட்டுவலி. பேரம் படிந்தது, வாடகை ஏறவில்லை. "பேசுற விதத்துல பேசினா யாரும் இறங்கி வருவாங்க" என்று மகன் மனைவியிடம் மார்தட்டிக்கொண்டபோது, அம்மா பேத்தியின் ரிப்பனை மடித்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கும் வழக்கம்போல அவர் வீட்டுக் கூடத்தில் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் இரண்டு கால்கள் வந்து நின்றன. இடது காலணியின் ஓரத்தில் கறுப்புத் தையல். போன வாரம் அவளே போட்டது.

புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அவன் இன்று வருவான் என்று அவளுக்குத் தெரியாது. அங்கே அவள் இருப்பாள் என்று அவனுக்கும் தெரியாது.

"ஈரமா இருக்கு... பார்த்து வாங்க சார்."

'டா' போட்டே கூப்பிட்டுப் பழகிய வாய் அது. சொல்லிவிட்டு அவள் குனிந்து தரையை இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

சாவிக்கொத்து காகிதத்தோடு வந்து சிரித்தார். "இந்தம்மாவுக்குத்தான் நீங்க நன்றி சொல்லணும். வாடகையை ஏத்தாதீங்கன்னு அன்னிக்குப் படியிலயே என் காலைப் பிடிக்காத குறை! மூணு மாசமா சம்பளமே வாங்காம செய்யறாங்க. சரி, இங்க ஒரு கையெழுத்து. நாலு பேர்னு போட்டிருக்கேன்."

மகன் பேனாவை வாங்கினான். போட்டுட்டுப் போயிடுடா என்று அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, ஈரத் தரையில் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, கையிலிருந்த துணியைப் பிடுங்கினான்.

"எந்திரிம்மா..."

"சார்... என்ன சார் இது..."

"சார்னு சொல்லாதம்மா! நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு..." அவன் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தான். "இவங்க வேலைக்கு வந்தவங்க இல்ல சார். என்னைப் பெத்தவங்க. அன்னிக்கு வீடு போயிடுமேன்னு பயந்து நானும் ஆமான்னு சொல்லிட்டேன். எங்க வீட்டுல அஞ்சு பேர்."

சாவிக்கொத்து காகிதத்தை மடித்தார். "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க" என்றார். ஆனால் அம்மாவின் பக்கம் அவரால் திரும்ப முடியவில்லை.

தெருவுக்கு வந்ததும் அம்மா அவன் தோளில் அடித்தாள். "புத்தி கெட்டவனே! மூணு மாசம் முட்டி தேய்ஞ்சது இதுக்குத்தானா? பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கடா போவ?"

"தெரியலம்மா..." என்று அவள் ஈரக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு, போவோர் வருவோர் பார்க்க அவன் அழுதான்.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் மருமகள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "காத்து வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேனே அத்தை... இந்த வாயாலதானே சொன்னேன்!"

"விடும்மா. நான் சொல்லலை, உனக்குத் தெரியலை" என்றாள் அம்மா, அவள் தலையைத் தடவிக்கொண்டு.

பத்து நாள் கழித்து, பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் ஒரு வீடு பார்க்கப் போனார்கள். அதே வாடகை, பாதி இடம். சாவியோடு நின்ற பெண்மணி, "எத்தனை பேரு?" என்று கேட்டதுமே அம்மா பழக்க தோஷத்தில் சத்தமில்லாமல் படியிறங்கத் தொடங்கிவிட்டாள்.

மருமகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "எங்க போறீங்க அத்தை?"

உள்ளே கூட்டிவந்து நிறுத்தி, சத்தமாகச் சொன்னாள். "அஞ்சு பேர். இவங்க எங்க அத்தை."

"இந்த ஒரு ரூம்லயா? நெருக்கடியா இருக்குமே?"

"நெருங்கியே இருந்துக்கறோம்."

அம்மா ஈரமில்லாத கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்த வெறும் தரையில் உட்கார்ந்தாள்.