இமை வீக்கமும் ஒரு டப்பா கிரீமும்

"கண்ணு வீங்கினது அவங்களுக்கு. வீட்ட விட்டுப் போகச் சொல்றது என்னை. இதுல நியாயம் இருக்கான்னு நீங்களே சொல்லுங்க, மேடம்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே அந்தப் பெண் இதைக் கொட்டித் தீர்த்தாள். கண்டக்டருக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. முப்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற மனுஷன் அவர். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்துவிடுவேன் என்று இன்னும் பீற்றிக்கொள்வார். அவர் மனைவி அதே முப்பது வருஷம் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்தவர். ஊரே அவரை மேடம் என்றுதான் கூப்பிடும், கண்டக்டர் உட்பட. பட்டறைகளில் யாருக்காவது என்னவென்று புரியாத ஒரு கோளாறு வந்தால் இன்றைக்கும் இந்தக் கதவைத்தான் தட்டுவார்கள்.

"உள்ள வந்து உக்காரும்மா. முதல்ல தண்ணி குடி," என்றார் மேடம்.

தண்ணீர் உள்ளே போனதும் விஷயம் ஒழுங்காக வெளியே வந்தது. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து மேஜைப் பட்டறை நடத்துகிறார்கள். மரப்பலகைகளுக்கு நடுவே எபாக்ஸி ரெசினை ஊற்றி, கண்ணாடிபோல் இறுக வைத்து, தேய்த்து மெருகேற்றி விற்பார்கள். கீழே பட்டறை, மாடியில் வீடு. வந்திருப்பவள் தம்பி மனைவி. படம் எடுப்பது, பொட்டலம் கட்டுவது இவள் வேலை. ரெசின் கலந்து ஊற்றுவது அண்ணன் மனைவி.

"அவங்க கை பட்டா ஒரு குமிழி நிக்காது மேடம். அப்படி ஒரு கை," என்றாள் இளையவள். கோபத்திலும் அதை விட்டுக்கொடுக்கவில்லை. "ரெண்டு மாசம் முன்னாடி ஆசையா ஒரு கிரீம் டப்பா வாங்கிக் குடுத்தேன். மூணு வாரத்துல அவங்களுக்கு இமை ரெண்டும் வீங்கிப் போச்சு. நான் பொறாமையில எதையோ கலந்துட்டேனாம். நாளைக்குள்ள வேற வீடு பாத்துக்கங்கன்னு அவங்க வீட்டுக்காரர், மாமா, சொல்லிட்டார். வம்பு வேணாம், போயிடலாம்ங்கறார் என் வீட்டுக்காரர். போனா நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

"அந்த டப்பா எங்க?" என்று கண்டக்டர் முந்திக்கொண்டார்.

"பத்து நாள் முன்னாடியே அக்கா தூக்கிப் போட்டுட்டாங்க. அதுலேருந்து என்கிட்ட பேச்சும் இல்ல."

"ஆகா! சாட்சியத்தையே அழிச்சாச்சு!"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் மேடம். "டப்பா போன பிறகு வீக்கம் குறைஞ்சுதாம்மா?"

"இல்லையே. நானும் அதே டப்பாவுலதான் எடுத்துப் போட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகல. நடுவுல நாலு நாள் அவங்க அம்மா வீட்டுக்குப் போனாங்க. சுத்தமா வடிஞ்சுது. திரும்பி வந்து வேலைல உக்காந்த மறுநாளே பழையபடி ஆயிடுச்சு."

மேடம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். தெருவில் நடக்கும்போது கண்டக்டர் அவர் காதில், "ஆள் அந்த வீட்டுக்குள்ளயேதான் இருக்கு. எனக்குத் தம்பி மேலதான் சந்தேகம். சத்தமில்லாமப் போயிடலாம்னு சொல்றானே!" என்றார்.

"டிக்கெட் எடுத்தவனையே எத்தனை தடவை இறக்கி விட்டிருக்கீங்க?" என்று மேடம் கேட்டார்.

பட்டறைக்குள் நுழைந்ததும் மேடம் செய்த முதல் காரியம் ஜன்னல்களைத் திறந்ததுதான். அண்ணன்காரரான பெரியவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். நல்ல உயரம், முரட்டுக் கை, குரலும் அதற்கேற்ற குரல். முன்பு வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவராம்.

"திறக்காதீங்க, ரெசின் மேல தூசி விழும்!"

"இன்னைக்கு ஊத்தலையே. ஊத்துற அன்னைக்கும் காத்து வெளிய போக வழி வேணும்." ஆணியில் தொங்கிய மாஸ்க்கை மேடம் திருப்பிப் பார்த்தார். "இது தேய்க்கிற தூளைத்தான் தடுக்கும். ரெசினோட ஆவிக்கு வேற மாஸ்க் இருக்கு, வடிகட்டி வச்சது. அதையும் வாங்குங்க. ஆனா உங்க வீட்டுக் கோளாறு இது ரெண்டும் இல்ல. ஒரே காத்தைத்தான் நாலு பேரும் குடிக்கறீங்க, மத்த மூணு பேருக்கு ஒண்ணும் ஆகலையே."

மூத்தவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இமைகள் இரண்டும் தடித்துச் சிவந்து, பார்க்கவே பாவமாக இருந்தது. கைகளைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். இளையவள் நின்ற பக்கம் அவள் பார்வை போகவே இல்லை.

"நான் அஜாக்கிரதையான ஆள் இல்ல மேடம். முழுக்கை சட்டை, கண்ணாடி, மாஸ்க், கிளவுஸ் எல்லாம் போட்டுத்தான் ஊத்துவேன். ஒரு நாளைக்கு ரெண்டு ஜோடி மாத்துவேன். வெறுங்கையால ஒரு சொட்டுகூடத் தொட்டதில்ல."

"கிளவுஸைக் கழட்டினதும் முதல்ல என்ன செய்வீங்க?"

"வேர்த்து ஊத்துமே, கண்ணைத் துடைப்பேன்."

"கையக் காட்டுங்க."

தயங்கித் தயங்கித் துண்டை விலக்கினாள். விரல் இடுக்குகளில் பொடிப்பொடியாகக் கொப்புளங்கள் தெரிந்தன. வேர்க்குரு என்றாள்.

கண்டக்டர் இதற்குள் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தார். மெல்லிய நீலக் கையுறைகள் அடைத்த ஒரு பெட்டி அவர் கையில் சிக்கியது. "இது எப்ப வாங்கினது?"

"மூணு மாசம் ஆச்சு," என்றாள் மூத்தவள். "அதுவரைக்கும் தடி கிளவுஸ்தான் போட்டேன். அதுல விரலுக்கு ஒண்ணும் புரியாது, அதனால மெலிசுக்கு மாறினேன். அம்பது ஜோடி."

கண்டக்டருக்குக் கணக்கு நாக்கு நுனியில் இருக்கும். "நாளைக்கு ரெண்டு ஜோடின்னா ஒரு மாசமே தாங்காதே. இதுல பாதிக்கு மேல இருக்கு! என் டிக்கெட் கட்டு இப்படிக் கிழிக்கக் கிழிக்க வளர்ந்திருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்!"

அண்ணனுக்குப் பின்னால் நின்றிருந்த தம்பி சிரித்துவிட்டான். மேடம் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு கையுறையை உருவி முகர்ந்து பார்த்தார். மணிக்கட்டு விளிம்பில் சுருண்டிருந்த பட்டையை விரலால் தடவினார். இன்னொன்றையும் எடுத்து அதேபோல் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் விரல்களை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"எல்லாரும் இப்படி வாங்க. யாரும் குறுக்க பேசாதீங்க." இதைச் சொல்லும்போது கண்டக்டரைத்தான் பார்த்தார்.

"கிரீம் குற்றவாளி இல்ல. அதத் தூக்கிப் போட்ட பிறகும் வீக்கம் போகல. அதையே போட்ட இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல. வேலைய விட்டுத் தள்ளி இருந்தப்போ வடிஞ்சுது, திரும்பினதும் வந்துடுச்சு. அப்படின்னா காரணம் வேலைல இருக்கு. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே பட்டறை. இதுல இவங்க மட்டும் கைல மாட்டற பொருள் எது? இந்த மெலிசு கிளவுஸ். இது ஒரு தடவை போட்டுட்டுத் தூக்கி எறியற சாமான். ஆனா இந்தப் பெட்டி காலியாகவே மாட்டேங்குது. அப்ப யாரோ திரும்ப நிரப்பறாங்க."

"நான்தான்," என்றார் பெரியவர். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "பெயிண்ட் கடைப் பழக்கம். பெயிண்ட் கரைக்கிற தின்னர்ல அலசி, காயவச்சு, பவுடர் போட்டு வச்சிடுவேன். தடி கிளவுஸை அப்படித்தான் மாசக்கணக்கா ஓட்டுவோம்."

"தடி கிளவுஸ் தாங்கும். இது தாங்காது, தின்னர் பட்டா இளகிடும். அதவிடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு." மேடம் இரண்டு கையுறைகளையும் மேஜைமேல் வைத்தார். "இதுல பட்டை வெளிப்பக்கம் சுருண்டிருக்கு. இதுல உள்பக்கம். மெலிசு கிளவுஸைக் கழட்டும்போது உள்ள இருக்கறது வெளிய வரும், ரெசின் பட்ட பக்கம் உள்ள போயிடும். நீங்க சிலதைத் திருப்பினீங்க, சிலதை அப்படியே அலசிக் காயவச்சீங்க. தின்னர் ரெசினை அழிக்காது, கரைச்சு ரெண்டு பக்கமும் பூசிவிடும். இவங்க தினமும் ரெசினைக் கைக்கு உள்ளயே போட்டுக்கிட்டாங்க. அதே கையால கண்ணைத் துடைச்சாங்க. இமைத் தோல் ரொம்ப மெலிசு, அதான் அங்க முதல்ல காட்டிக் கொடுத்துடுச்சு. உடம்பு கொஞ்ச நாள் பொறுத்துக்கும். ஒரு நாள் இனிமே முடியாதுன்னு முடிவு பண்ணிடும்."

பெரியவர் அந்தக் கையுறையையே பார்த்தார். அந்தப் பெரிய குரல் இப்போது எங்கே போனதோ தெரியவில்லை.

"வேர்வைல அவளுக்கு மாட்ட வராது," என்றார். "தினம் காலைல நான்தான் விரல் விரலா மாட்டி விடுவேன். என் கையாலயே மாட்டி விட்டேனே!"

தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்டக்டருக்குக் குற்றவாளியைப் பிடித்த சந்தோஷம் துளியும் வரவில்லை.

"தோல் டாக்டரைப் பாருங்க. ஆறிடும்," என்றார் மேடம்.

"ஆறினதும் ஊத்தலாம்ல?" என்று மூத்தவள் கேட்டாள்.

"கூடாதும்மா. இனிமே துளி பட்டாலும், தேய்க்கிற தூள் பட்டாலும் திரும்ப வரும். நீங்க இந்தப் பக்கமே வரக் கூடாது."

மூத்தவள் தன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவரின் தோளைத் தொட்டு, "எந்திரிங்க. தெரியாமத்தானே செஞ்சீங்க. எனக்கு நல்லது நெனச்சுதானே செஞ்சீங்க. விடுங்க," என்றாள்.

அதுவரை மூலையில் நின்ற இளையவள் முன்னால் வந்தாள்.

"அவரு செஞ்சாரு, ஒரு நிமிஷத்துல மன்னிச்சிட்டீங்க. நான் செய்யவே இல்லையே, அக்கா. பத்து நாளா என் முகத்த ஏறெடுத்துப் பாக்கலையே நீங்க."

பெரியவர் எழுந்து, "போக வேணாம்மா. தப்பு எங்க மேலதான்," என்று முணுமுணுத்தார். மூத்தவள் முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தாள். வீங்கிய இமைகளுக்கு நடுவிலிருந்து கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கியவள் பாதியிலேயே இறக்கிக்கொண்டாள்.

"போக மாட்டேன், மாமா," என்றாள் இளையவள். "ஆனா அக்காகிட்ட பேச எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

"எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்கேன்," என்றாள் மூத்தவள். "இனிமே நான் மாடியில சும்மாதான் உக்காந்திருக்கப் போறேன்."