கிடைநேரம்

ஜன்னலுக்கு வெளியே பூமி எட்டிப்பார்த்து மறையும் வேளையில், மருதம் வளையத்தின் மாடுகள் கறவைக்கூடத்துக்குப் புறப்படும். நிலவைச் சுற்றிவரும் அந்தக் குடியிருப்பில் பால் கறப்பது இயந்திரக் கைகள். போகும் வழியில் தரையோடு பதிந்த நடைமானி, ஒவ்வொரு மாடும் எந்தக் காலில் எவ்வளவு எடை வைக்கிறது என்று அளந்து, நொண்டினால் காரணத்தையும் தானே சொல்லிவிடும்.

அன்று செவலை என்ற பசு கடந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. 'பின் வலது கால். இடுப்பு மூட்டுத் தேய்மானம். தீராது. கழிக்கலாம்.'

கழிப்பது என்றால் மாலைக்குள் புரதத் தொட்டிக்கு அனுப்புவது. பூமியிலிருந்து தீவனம் வரவேண்டிய இடத்தில் நொண்டி மாட்டுக்குப் பங்கு கிடையாது.

கால்நடை மருத்துவர் பெனிட்டா ஒப்புதல் தர மறுத்தார்.

"அதான் மெஷினே சொல்லிடுச்சே டாக்டர்" என்றார் நிர்வாகி கதிரேசன்.

"மெஷின் நடையைத்தான் சார் பார்த்துச்சு. காலைத் தூக்கிப் பார்க்கலையே. சாயங்காலம் வரைக்கும் விடுங்க, நான் பார்க்கிறேன்."

கறவைக்கூடக் கண்காணிப்பாளர் இசக்கியம்மாள் கயிற்றைப் பிடித்துச் செவலையை நடத்திக் காட்டினார். முதுகு வளைந்திருந்தது. வலது பின்காலை ஊன்றும்போதெல்லாம் இடுப்பு வெடுக்கென்று மேலே ஏறியது. அதுதான் இயந்திரத்தை ஏமாற்றியிருக்க வேண்டும். பாதத்தில் வலித்தாலும் மாடு இடுப்பைத்தான் தூக்கும்.

பெனிட்டா காலை மேலிருந்து கீழாகச் சோதித்துக்கொண்டே வந்தார். இடுப்பை அசைத்தார், செவலை கண்டுகொள்ளவில்லை. முழங்காலில் வீக்கமில்லை, கணுவில் சூடில்லை. குளம்பைத் தூக்கியபோது ஓர் உதை விழுந்தது. எழுந்து, சாணத்தைத் துடைத்துக்கொண்டு, காலை மறுபடியும் கட்டித் தூக்கினார். கழுவிய குளம்பை இடுக்கியால் ஒவ்வோர் இடமாக அழுத்தினார். வெளிப்பக்கக் குளம்பின் அடியில் அழுத்தியதும் பசுவின் உடம்பே துள்ளியது. அந்த இடத்தைக் கத்தியால் மெல்லச் சீவினார். உள்ளே செக்கச்செவேலென்று புண்.

"இடுப்புமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். "குளம்புப் புண். ஆறிடும்."

இசக்கியம்மாள் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். புண்ணைச் சுத்தம் செய்து, அதே பாதத்தின் மறுபாதிக் குளம்பில் ஒரு கட்டையை ஒட்டியதும் வலிக்கும் பாகம் தரையில் படவில்லை. சில வாரங்களில் செவலை நேராக நடந்தது.

பெனிட்டா அதோடு விடவில்லை. கல்லும் ஆணியும் இல்லாத இடத்தில் புண் எப்படி வந்தது? மற்ற மாடுகளின் குளம்புகளையும் சீவினார். பலவற்றில் அதே சிவப்பு. பிறகு கூடத்திலேயே நின்று கவனித்தார். நிலவுத்தூளைக் குழைத்துப் போட்ட புதுத் தரை, கல்லை விடக் கடினம். கறக்கத் தங்கள் முறை வரும்வரை மாடுகள் அதன்மேல் நின்றுகொண்டே இருந்தன. பாதி நாளாவது படுத்திருக்க வேண்டிய பிராணி, படுக்கவே இடமில்லாமல் நின்றது.

குடியிருப்பு மன்றத்தில் சண்டை பிடித்தார். வலியோடு நிற்கும் மாட்டுக்குப் பால் குறையும் என்றதும் கதிரேசனே எழுந்து ஆதரித்தார். ரப்பர் மெத்தை வந்தது. கிடைநேரச் சட்டமும் வந்தது: வலியுள்ள கால்நடையை நிற்க வைக்கக் கூடாது, படுத்துக் கிடக்க நேரமும் இடமும் தர வேண்டும், இதில் கால்நடை மருத்துவரின் உத்தரவை நிர்வாகியும் மாற்ற முடியாது.

மெத்தை விரித்த அன்று மாடுகள் கால் மடக்கிப் படுத்து அசைபோட்டன. பெனிட்டாவுக்கு மனம் நிறைந்தது. அப்போதுதான், மெத்தை இல்லாத ஓரத்தில், இசக்கியம்மாள் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நிற்பதைப் பார்த்தார்.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. குதிகாலுதான். மாத்திர போட்டிருக்கேன்."

"கொஞ்சம் உட்காருங்க."

"டூட்டில உக்காரக் கூடாதுல்லா. ஸ்டூலு கேட்டேன், இல்லன்னுட்டாவ."

பெனிட்டா நேராகக் கதிரேசனிடம் போனார்.

"நாற்காலியா?" அவர் சிரித்தார். "சுத்திப் பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க டாக்டர்? ஆள் சும்மா உட்கார்ந்திருக்குன்னு சொல்ல மாட்டாங்களா? நல்ல செருப்பா போட்டுக்கச் சொல்லுங்க."

பெனிட்டா வாதாடவில்லை. திரும்பிவந்து இசக்கியம்மாளை நடைமானியில் நடக்கச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரை 'இனம்?' என்று கேட்டது. பசு, எருமை, ஆடு, குதிரை. மனிதர் என்ற பொத்தான் அதில் இல்லை. பெனிட்டா ஒரு கணம் யோசித்துவிட்டு, பசுவைத் தொட்டார்.

புதுச் சட்டப்படி 'கிடைநேரம் உடனே வழங்குக' என்றது திரை. மெத்தை வந்தது.

இசக்கியம்மாள் கூச்சத்தோடு உட்கார்ந்து, கால்களை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார். "மாடுன்னு போட்டா போட்டுட்டுப் போறாவ" என்றார். "அப்பாடா!"

மறுநாள் பெனிட்டா வரும்போது கால்நடை மருத்துவமனை வாசலில் கூட்டம். வளையத்தின் கடைத்தெருவிலிருந்து வந்திருந்தார்கள்: துணிக்கடை விற்பனைப் பெண்கள், நகைக்கடைக் காவலாளி, பில் போடும் பெண்கள். ஒருவர் கையிலும் ஆடோ மாடோ இல்லை. வரிசையில் எல்லோரும் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார்கள்.

"எருமைன்னு போட்டாலும் பரவாயில்ல டாக்டர்" என்றாள் முன்னால் நின்ற பெண். "எங்க கடையில உட்காரலாம்னு ஒரு உத்தரவு போட்டுக் குடுங்க."

பெனிட்டா கதவை அகலத் திறந்தார்.

"முதல்ல எல்லாரும் உள்ள வந்து உட்காருங்க."