முந்நூறு இறால்களும் ஒரு பேராசிரியரும்

பிணங்கள்!

ஒன்றல்ல, இரண்டல்ல... முந்நூறு.

நந்திக்கடல் நீரேரியில் மீனவர் யாக்கோப்பு அண்ணை பிடித்துத் தந்த இறால்கள், கண்ணாடித் தொட்டியின் அடியில் விறைத்துக் கிடந்தன. மேலே பதாகை: 'எமது பல்கலைக்கழகத்தின் முதல் கம்பனி!'

விரிவுரையாளர் ஜெயரூபினி கண்ணாடியைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை.

இறால் நோய்க்கு அவள் கண்டுபிடித்த மருந்து. மூன்று வருட உழைப்பு. அதை விற்கத்தான் இந்தக் கம்பனி. இன்னும் இரண்டு மணி நேரத்தில் திறப்புவிழா!

மூன்று வருடமாக அவள் கேட்டது தொட்டிக்கு ஒரு காற்று மோட்டார். பல்கலைக்கழகம் கொடுத்ததோ ஒரு பெயர்ப்பலகை, ஒரு குத்துவிளக்கு, கம்பனிக்கு ஒரு தலைவர்.

பேராசிரியர் செல்வராசா. இறாலைக் குழம்பில் மட்டும் அறிந்தவர்.

பொலிசோடுதான் வந்தார்.

"இவாதான் நஞ்சு விட்டவா. பங்கு கேட்டவா, நான் குடுக்கேல்லை. அந்தக் கோபம்."

"மருந்து என்ர, சேர். பங்கு கேக்கக் கூடாதோ?"

"கம்பனியை விட்டு விலகுறன் எண்டு கையெழுத்து வையும், பிள்ளை. கேஸ் வேண்டாமெண்டு நான் சொல்லிவிடுறன்."

கடிதம் ஏற்கெனவே அச்சடித்து அவர் பைக்குள் இருந்தது. எவ்வளவு அக்கறை!

ஜெயரூபினி தொட்டியருகே கிடந்த மருந்துப் போத்தலை எடுத்தாள். காலி.

"இந்தத் தொட்டிக்கு எத்தினை துளி விடவேணும், சேர்?"

பேராசிரியர் கூரையைப் பார்த்தார்.

"பத்துத் துளி. அதுக்கு மேல விட்டா நஞ்சு," என்றாள் அவளே.

இன்ஸ்பெக்டர் வீரையா தன் போனை நீட்டினார்.

"நேற்றுப் பின்னேரம் உங்கட பேஸ்புக்கில போட்ட படம், சேர்..."

கோட்டும் சூட்டுமாகப் பேராசிரியர்... போத்தலைத் தொட்டிக்குள் அப்படியே கவிழ்க்கிறார்!

கீழே ஒரு வரி: 'எனது கண்டுபிடிப்பு, எனது கரங்களால்!'

நானூறு லைக்.

"அது... விழாவுக்கு ஒத்திகை. துளித்துளியா விட்டா படத்தில தெரியாது..."

"பொய் முறைப்பாடும் கேஸ்தான், சேர்," என்றார் வீரையா.

செல்வராசா கடிதத்தைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார்.

ஜெயரூபினி அதைக் கேட்டு வாங்கினாள். தன் பெயரை வெட்டினாள். அதற்கு மேல் அவர் பெயரை எழுதினாள்.

"கையெழுத்து வையுங்கோ, சேர். கேஸ் வேண்டாமெண்டு நான் சொல்லிவிடுறன்."

வைத்தார்.

"அப்ப இந்தப் பிரேதங்களை ஆரிட்டக் குடுக்கிறது?" வீரையா தலையைச் சொறிந்தார்.

"சேரிட்டயே குடுங்கோ... இந்த முந்நூறில மட்டும் முழுப் பங்கும் அவருக்குத்தான்!"