பெட்ரோலில் போன முகம்

அன்று மாலை எங்கள் பட்டறையில் நான்கு பேர் இருந்தோம். அப்பா, கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின் மேல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் பழைய டயர் மேல். அம்மா வாசற்படியில். நான் தரையில். ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. அதில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் நடுவே, பெஞ்சின் மேல் ஒரு சின்ன அட்டை. அந்தக் காலத்தில் தேயிலைப் பொட்டலத்துக்குள் இப்படி அட்டை வைத்து விற்பார்களாம். ஒவ்வொன்றிலும் ஒரு வீரர் படம், ஓர் எண். இது இருபத்து மூன்றாம் எண். மோட்டார் சைக்கிள் பந்தயம் புதிதாக வந்த நாளில் மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தவர், தன் வண்டியோடு நிற்கிறார்.

வண்டி அப்படியே இருந்தது. வீரரின் கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளை.

"என்னடி பண்ணி வச்சிருக்க, நட்டு?" என்றான் அண்ணன். நான் குட்டை என்பதால் அவன் வைத்த பெயர் அது.

"அப்பாவோட விரல் எண்ணெய் ஒட்டியிருந்துச்சு. துடைச்சேன்."

"எதால?"

"பெட்ரோல்ல."

எங்கள் வீட்டில் எந்த அழுக்கையும் பெட்ரோலில்தான் துடைப்போம். எண்ணெய் போய்விட்டது. முகமும் துணியோடு வந்துவிட்டது.

அட்டை எங்களுடையது அல்ல. அந்த வீரரின் மகள் வெளியூரில் இருக்கிறார். வண்டியைப் பழையபடி ஆக்கித் தரச் சொல்லி லாரியில் அனுப்பியிருந்தார். பார்த்துச் செய்வதற்காக அட்டையையும் வைத்திருந்தார். கூடவே ஒரு சீட்டு: 'நான் தொட்டிலில் கிடந்தபோதே அப்பா போய்விட்டார். அவர் முகம் எனக்கு இதில்தான் தெரியும். பத்திரம்.'

"வேற அட்டை கிடைக்காதாப்பா?" என்றேன்.

"இந்த ஒண்ணைத் தேடிப் பிடிக்கவே அவங்களுக்கு இருபது வருஷம் ஆச்சாம்."



"காத்துல பறந்துடுச்சுன்னு எழுதிடலாமா?" என்றான் அண்ணன்.

"அப்படி எழுதினா, அவங்க தேடிக்கிட்டே இருப்பாங்கடா," என்றாள் அம்மா.

அப்பா தன் நோட்டைப் புரட்டினார். அட்டையைப் பார்த்து ஐந்து பக்கம் வரைந்திருந்தார். டேங்க், விளக்கு, ஹேண்டில்பார், சீட், செயின் மூடி. ஆள் ஒரு பக்கத்திலும் இல்லை.

"மீசை இருந்துச்சாடா?" என்றார்.

"மீசையா?" அண்ணன் யோசித்தான். "சைலன்சர் வலது பக்கம் இருந்துச்சு."

"அதையா கேட்டேன்?"

"மீசை இல்லப்பா," என்றேன். "உதட்டுக்கு மேல வேர்வைதான். இடது புருவம் பாதியில வெட்டுப்பட்டிருக்கும். கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி விட்டிருப்பார். அது அழுத்தின தடம் கண்ணைச் சுத்தி இருக்கும். சிரிக்கல. ஆனா யாராவது ஏதாவது சொன்னா சிரிச்சிடுவார் போல இருக்கும்."

மூவரும் என்னையே பார்த்தார்கள்.

"பத்து நாளா அதைத்தானேப்பா பார்த்துட்டிருந்தேன்," என்றேன். அழுகை வந்துவிட்டது.

அப்பா நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்தார். "எழுதும்மா. நாளாக ஆக அந்த முகம் அவங்களுக்கும் மறக்கும்ல."

முதல் வரியில் 'நான்தான் அழித்தேன்' என்று எழுதினேன். அடுத்த வரி எழுத வெகுநேரம் ஆயிற்று. பிறகு நெற்றியிலிருந்து தாடை வரை, ஒன்று விடாமல் எழுதினேன். தெரியாததைத் தெரியாது என்றே எழுதினேன். காது தோல் தொப்பிக்குள் இருந்தது. அதனால் காது எப்படி என்று தெரியாது என்றே எழுதினேன்.

"உன்னை மன்னிப்பாங்களா?" என்றான் அண்ணன்.

"தெரியலண்ணா."

அட்டையையும் தாள்களையும் உறையில் வைத்துக் கோந்து தடவி ஒட்டினேன். தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டதும் பயம் வந்தது. உறையைத் திரும்ப எடுக்கத் துவாரத்துக்குள் கையை விட்டுத் துழாவினேன்.

எட்டவில்லை. நல்லவேளை.