மேஸ்திரிக்கு எத்தனை சாப்பாடு?

மேஸ்திரிக்கு மீசை உண்டு. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு கெளுத்தி மீனுக்கு அவ்வளவு மீசை கொஞ்சம் அதிகம்தான்.

கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் அப்படி ஆறு குட்டிக் கெளுத்திகள் இருந்தன. பொழுது விடிந்தால் மீசையை மணலில் விட்டுக் கிளறத் தொடங்கிவிடும். முகத்தில் கறுப்புத் திட்டு உள்ள ஒன்று மற்ற ஐந்தையும் முட்டி முட்டி வேலை வாங்கும். அதற்குத்தான் மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தாள் வாலு.

வாலு அந்த வீட்டுக் கடைக்குட்டி. மீன்களுக்குத் தீனி போடும் பொறுப்பு அவளுடையது.

அந்த வீட்டில் நாலு பேரும் ஒன்றாக இருக்கிற நேரம் ரொம்பக் குறைவு. அப்பாவுக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை, விடியும் முன்பே போய்விடுவார். அம்மா நர்ஸ், வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும். அண்ணன் காலேஜ் விட்டு, பந்து விளையாடி, இருட்டிய பிறகு வருவான். ஒருவர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் மாட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் வாலு பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், தொட்டித் தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது. மேஸ்திரி மணலைக் கிளறவில்லை. விருட்டென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, கீழே போய்ப் படுத்துக்கொண்டது. மறுபடி மேலே. மறுபடி கீழே.

வாலு தெருமுனை வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினாள்.

"மாமா! எங்க மேஸ்திரி படுத்துட்டான்!"

"எந்த மேஸ்திரிம்மா? வீடு கட்டுறீங்களா?" என்றார் கடைக்கார மாமா.

"ஐயோ, எங்க கெளுத்தி மீன், மாமா!"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். "அடி மணலைக் குழாய் வெச்சு உறிஞ்சிப் பாரு. சாப்பாடு மிச்சம் கிடந்து அழுகினா தண்ணி விஷமாயிடும். பாதித் தண்ணிய இன்னிக்கே மாத்து. ரெண்டு நாள் ஒண்ணும் போடாதே. சின்ன உசுரு, ரொம்பத் தாங்காது."

மிச்சமா? ஒரு நாளைக்கு நாலே நாலு தீனி உருண்டைதானே போடுகிறோம்?

வீட்டுக்கு வந்து ரப்பர் குழாயால் மணலை உறிஞ்சினாள். வாளியில் என்னென்னவோ வந்து விழுந்தது. ஊறிப்போன உருண்டைகள். ரொட்டித் தூள். தோல் உரித்த பச்சைப் பட்டாணி! அதையெல்லாம் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டாள். தொட்டிக்கென்று முதல் நாளே பிடித்து வைத்திருந்த தண்ணீரை மெதுவாக ஊற்றினாள்.

அன்றைக்கு அப்பாவைத் தூங்க விடவில்லை. அம்மாவும் அண்ணனும் வந்ததும் மூவரையும் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தாள். நடுவில் கிண்ணம்.

"புதுசா என்ன செஞ்சிருக்கே?" என்று அண்ணன் கரண்டியை எடுத்தான்.

"சாப்பிட்டுப் பாரு. மீன் தொட்டியில இருந்து எடுத்தது."

கரண்டி டங்கென்று விழுந்தது.

"யார் யார் எதைப் போட்டீங்க? நான் திட்ட மாட்டேன்."

அப்பா தொண்டையைச் செருமினார். "விடியக்காலைல விளக்கைப் போட்டா, அதுங்க மணலைத் தோண்டித் தோண்டித் தேடுது. பாவமா இருந்துச்சும்மா. ஒரு சிட்டிகை ரொட்டித் தூள்தான்."

"பட்டாணி நான்தான்," என்றாள் அம்மா. "நல்லா வேகவெச்சு, தோல் உரிச்சுத்தான் போட்டேன். தொண்டையில சிக்கிடக் கூடாதுல்ல?"

"ரெண்டு உருண்டை போட்டேன்," என்றான் அண்ணன். வாலு முறைத்தாள். "சரி, அஞ்சு. நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன்."

"நான் எப்படா மறந்தேன்? பசியில ஒண்ணும் அது தோண்டலை. அதோட குணமே அப்படித்தான். நீ வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பாக்குறியே, அந்த மாதிரி."

அம்மா சிரித்தாள். ஆனால் தொட்டிப் பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. மேஸ்திரி இன்னும் படுத்தே கிடந்தது.

"இதுக்கு நாடி பிடிச்சுக்கூடப் பாக்க முடியாதே," என்று முணுமுணுத்தாள்.

"இனிமே நாங்க யாரும் தொட்டிப் பக்கமே வர மாட்டோம்," என்றார் அப்பா. அப்படிச் சொல்லும்போது அவர் முகம், மிட்டாயைப் பறிகொடுத்த குழந்தை முகம் மாதிரி இருந்தது.

வாலு அதைப் பார்த்தாள். அப்பா எழும்போது வீட்டில் எல்லோரும் தூங்குவார்கள். அம்மா வரும்போது பல நாள் வீடே காலியாக இருக்கும். அப்போதெல்லாம் கண்ணாடி ஓரம் ஓடிவந்து எட்டிப் பார்ப்பது இந்த ஆறு மீசைக்காரர்கள்தான்.

மறுநாளும் தண்ணீர் மாற்றினாள். யாரும் எதையும் போடவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் அப்பாதான் அவளை உலுக்கி எழுப்பினார். "வாலு, ஓடி வா! மேஸ்திரி வேலைக்கு வந்துட்டான்!"

தண்ணீர் தெளிந்திருந்தது. மணல் புகையாகக் கிளம்ப, மேஸ்திரி மற்ற ஐந்தையும் விரட்டிக்கொண்டிருந்தது.

அன்று மாலை வாலு ஒரு பாட்டில் மூடியைக் கழுவித் தொட்டி அருகே வைத்தாள். "காலைல இதுல நாலு உருண்டை இருக்கும். அவ்வளவுதான் ஒரு நாள் சாப்பாடு. மூடியில இருந்தா யார் வேணாலும் போடலாம். காலியா இருந்தா, அதுங்க சாப்பிட்டாச்சுன்னு அர்த்தம்."

அப்பா முகம் பளிச்சென்று ஆனது.

"அப்பாதான் முதல்ல எழுந்திருப்பாரு. நாலையும் அவரே போட்டுடுவாரு," என்று அண்ணன் சிணுங்கினான்.

"நீயும் எழுந்திரேன். யாரு வேண்டாங்குறா?" என்றார் அப்பா.

அடுத்த நாள் வகுப்பில் இருந்தபோதும் வாலுவுக்கு அந்த மூடி நினைப்புதான். இந்நேரம் காலியாகியிருக்கும். போகட்டும், மேஸ்திரி நன்றாக இருந்தால் சரி. மாலையில் வந்ததும் பையைக்கூட இறக்காமல் தொட்டியிடம் போனாள்.

மூடியில் இரண்டு உருண்டைகள் இருந்தன.

அப்பா ஒன்றே ஒன்று போட்டிருக்கிறார். அம்மாவும் ஒன்றே ஒன்று.

வாலு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். அது மெல்ல இறங்கி அடியைத் தொட்டதும் மேஸ்திரி மீசையோடு அதன்மேல் பாய்ந்தது. அவள் கை தானாக அடுத்த உருண்டையிடம் போனது.

அண்ணன் வர இன்னும் ரொம்ப நேரம் ஆகும்.

வாலு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மீன்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.