ஒரு வாட்டிதாங்க அமுக்கினேன்

"எவன் எழுதினான்னு தெர்ல... ஒரு நாளாவது மலை ஏறிப் பாத்திருப்பானா அவன்?"

பக்கத்து சீட்டுக்காரன் தன் செல்போனைத்தான் திட்டினான். ஆனால் எழில்மதிக்குக் காது சுட்டது. எந்தச் சுகாதார நிலையத்தில் எந்த மருந்து எத்தனை இருக்கிறது என்று காட்டும் ஆப் அது. திரைக்குப் பின்னால், சர்வரில் ஓடும் நிரல் முழுக்க அவள் எழுதியது.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் மரம் விழுந்து, பஸ் நின்று அரை மணி நேரமாகிறது. வெளியே மழை... கண்ணாடியில் கோடு கோடாய் வழிகிற மழை. தோழி ஷாலினியைப் பார்க்க வெள்ளிமலைக்குக் கிளம்பியவள் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை.

"எழுதினது அவன் இல்லைங்க. நான்."

அவன் திரும்பினான். நனைந்த இமைகள்... உள்ளே, கோபத்தைப் பாதியில் மறந்துவிட்ட இரண்டு கண்கள். அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப நேராவே திட்டலாம்னு சொல்லுங்க."

"தாராளமா. இன்னா தப்புன்னு சொல்லிட்டுத் திட்டுங்க."

சிரித்தான். பெயர் தமிழழகன், மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். மடியில் இருந்த ஐஸ் பெட்டியில் பாம்புக்கடி மருந்து. பேசப் பேச அந்தச் சிரிப்பு வடிந்தது.

"போன வாரம் வியாழக்கிழமை அஞ்சு குப்பி எடுத்தேங்க. ஆப்புல பத்து கொறைஞ்சிடுச்சு. எங்ககிட்ட மருந்து இருக்குது, ஆப்பு இல்லன்னு காட்டுது. பக்கத்து ஊர்ல பாம்பு கடிச்ச ஒரு அம்மாவ அத நம்பி கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கினு போய்ட்டாங்க. பொழச்சிக்கினாங்க... ஆனா ஒன்றரை மணி நேரங்க."

அவள் முதலில் அந்த அம்மாவைப் பற்றித்தான் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் ரோஷம் முந்திக்கொண்டது.

"சர்வர் தானா கொறைக்காதுங்க. நீங்க ரெண்டு வாட்டி அமுக்கியிருப்பீங்க."

அவன் முகம் மாறியது. "ஒரு வாட்டிதாங்க அமுக்கினேன்," என்றான் மெல்ல. ஐஸ் உருகுவதற்குள் மருந்து போய்ச் சேர வேண்டுமென்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினான். மரத்தைத் தாண்டி மழைக்குள் நடந்தான்... திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பஸ் வந்த வழியே திரும்பியது.

மறுநாள் காலை, சங்கராபுரம் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தாள். சர்வர் தனக்கு வந்த ஒவ்வொரு செய்தியையும் நிலையத்தின் பெயரோடும் நேரத்தோடும் குறித்து வைத்திருக்கும். அந்த வியாழக்கிழமை, பதினொன்று நாற்பத்திரண்டு... ஐந்து குப்பி. ஒன்பது விநாடி கழித்து, எழுத்துக்கு எழுத்து அதே செய்தி.

சிக்னல் அறுந்து பதில் வராததால், போன் தானாகவே மறுபடி அனுப்பியிருக்கிறது. அவளுடைய நிரல் அதைப் புதிதென்று எண்ணி இன்னொரு ஐந்தைக் கழித்திருக்கிறது.

அவன் ஒரு முறைதான் அழுத்தியிருக்கிறான்.

வெட்கம் ஒரு நிமிடம். அப்புறம் பரபரப்பு... தப்பு எங்கே ஒளிந்திருக்கிறதென்று தெரிந்துவிட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் இறக்கை முளைத்துவிடும். மேலதிகாரி தெய்வசிகாமணிக்கு, "தவறு என்னுடையது, இன்றே சரிசெய்கிறேன்" என்று எழுதினாள். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தனி எண். அதே எண் திரும்ப வந்தால் சர்வர் பழைய பதிலையே சொல்லட்டும், எதையும் கழிக்க வேண்டாம். எழுதினாள், ஓட்டினாள், உடைத்துப் பார்த்தாள், மறுபடி எழுதினாள்.

"சோறு ஆறிக்கினு இருக்குது, அப்டி இன்னாதான்டி அதுல?" என்றாள் அம்மா நிர்மலா.

எப்படிச் சொல்வது? யார் கண்ணிலும் படாத வேலை. ஆனால் எங்கோ ஒரு மலையில் ஒருவர் சரியான வாசலுக்கு நேரத்தோடு போய்ச் சேருவார்... அந்த நினைப்பே அவளுக்கு இனித்தது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினாள்.

மருந்து அறை வாசலில் அவளைக் கண்டதும் தமிழழகன் எழுந்துவிட்டான்.

"நீங்க ஒரு வாட்டிதான் அமுக்கினீங்க. தப்பு என்மேலதாங்க. மன்னிச்சிடுங்க."

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவளோ அதற்குள் போனை நீட்டிவிட்டாள். "வாங்க, சோதிச்சுப் பாக்கலாம். சிக்னல் எங்க சுத்தமா கம்மியா இருக்கும்?"

சுகாதார நிலையத்துக்குப் பின்னால் பாறைச் சரிவு. தூறல். சோதனைக்கென்று அவள் ஏற்றியிருந்த பொய் மருந்தில் ஒன்றை எடுத்ததாக அவன் அழுத்தினான். வட்டம் சுற்றியது... சுற்றியது... அறுந்தது. இரண்டடி மேலே ஏறினார்கள். போன் தானாக மீண்டும் அனுப்பியது. இருவர் தலையும் ஒரே திரைமேல் குனிந்தன.

பத்து, ஒன்பதானது. ஒன்பதிலேயே நின்றது.

"பாருங்க... ரெண்டு வாட்டி போயிருக்கு, ஒண்ணுதான் கொறைஞ்சிருக்கு," என்றவளுக்குக் குரல் துள்ளியது. நிமிர்ந்தால், அவன் போனைப் பார்க்கவே இல்லை.

"வேலைய இவ்ளோ ஆசையா செய்றவங்கள நான் பாத்ததில்லைங்க," என்றான். பிறகு தயங்கினான். "ஆனா இதச் சொல்ல இவ்ளோ தூரம் வரணுமா? ஒரு போன் போட்டிருந்தா போதுமே."

தூறல் அவள் நெற்றியில் விழுந்தது. துடைக்கவில்லை.

"தப்ப போன்லயே சொல்லியிருக்கலாங்க..." அவள் காலடிப் பாறையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்களப் புடிச்சிருக்குதுன்றத எப்டி போன்ல சொல்றது?"

தமிழழகன் போனை மெல்ல அவள் கையில் திருப்பிக் கொடுத்தான். அவள் பயந்துபோய் நிமிர்ந்தாள். அவன் கண்கள் கலங்கிச் சிரித்துக்கொண்டிருந்தன.

"மூணு நாளா வர்ற பஸ்ஸையெல்லாம் எட்டி எட்டிப் பாத்துக்கினு இருந்தேங்க," என்றான்.