எடை ஒத்த இரண்டு மூட்டைகள்

புவனேஸ்வரி நாற்காலியில் உட்காரவில்லை. துப்பறிவாளர் சேதுபதியின் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள்.

“எங்க வீட்டுக்காரரு முத்துச்சாமி தக்காளியத் தவிர எதையும் தொட்டதில்லைய்யா. மோட்டார் ரூம்ல ரெண்டு மூட்டை கஞ்சா கிடந்துச்சுன்னு பிடிச்சிட்டுப் போயிட்டாக. புதுச் சட்டமாம். பத்து வருஷமாம். நாளைக்குக் கோர்ட்டு.”

“சாவி யாருகிட்ட இருக்கு?”

“பங்குக் கிணறுய்யா. மூணு வீட்டுலயும் இருக்கு. பொன்னழகு அண்ணன் மலையிலருந்து ஜீப்புல வாழைக்காய் ஏத்திட்டு வாராரு. நாச்சிமுத்து மாமா குதிரையில எலுமிச்சை இறக்குறாரு. எங்களுக்கு மாட்டு வண்டிதான். அன்னைக்குத் தண்ணி முறை எங்களோடது.”

“போலீஸுக்குச் சொன்னது?”

“பொன்னழகு அண்ணன்.”

உதவியாளர் ஜெயமேரி அந்தப் பெயரைக் குறித்து, அடியில் கோடு போட்டாள். தாவரவியல் படித்தவள். யாரையும் எளிதில் நம்பமாட்டாள். அழாமல் நின்ற புவனேஸ்வரியையும் நம்பவில்லை.

காவல் நிலையத்தில் மூட்டைகளைப் பிரித்தார்கள். ஜெயமேரி குனிந்து செடிகளின் வேரைக் கிள்ளினாள்.

“சார், இது மலையில வளர்ந்தது! கறுப்பு மண், பெரணி இலை ஒட்டியிருக்கு. இவங்க காடு செம்மண்.”

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். “மேல விளைஞ்சத வாங்கிக் கீழ பதுக்குனா அது குத்தமில்லையாம்மா?”

ஜெயமேரிக்குக் காது சூடேறியது. அப்போது இரண்டாவது மூட்டையிலிருந்து தேங்காயளவு கல் ஒன்று உருண்டு விழுந்தது.

“எடையில ஏமாத்துறான் பாருங்க” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

சேதுபதி கல்லை மூட்டைக்குள் திரும்பப் போட்டு, இரண்டையும் நிறுக்கச் சொன்னார். இரண்டும் இருபத்து நான்கு கிலோ. கல் இல்லாமல் இரண்டாவது பத்தொன்பதுதான். அவர் பங்காளிகளைக் கிணற்றடிக்கு வரச்சொன்னார். சப்-இன்ஸ்பெக்டரும் புவனேஸ்வரியும் கூடவே கிளம்பினார்கள்.

அங்கே பொன்னழகும் நாச்சிமுத்தும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

“நான் கண்டேன், சொன்னேன். இம்புட்டுத்தான்” என்றார் பொன்னழகு.

“முறைத் தண்ணியில இவருக்கும் முத்துச்சாமிக்கும் சண்டையாம், சார்” என்று ஜெயமேரி கிசுகிசுத்தாள்.

“சண்டை இருக்கட்டும்” என்றார் சேதுபதி. “ஏமாத்துறவன் ரெண்டு மூட்டையிலயும் கல்லு போடுவான். இங்க குறைஞ்ச மூட்டையில மட்டும், குறைஞ்ச அளவுக்கே போட்டிருக்கு. ஜீப்புலயோ வண்டியிலயோ ஏத்துறவன் அதைப் பத்தி ஏன் கவலைப்படணும்? குதிரை முதுகுலதான் ரெண்டு பக்கமும் சமமாத் தொங்கணும். இல்லேன்னா இறக்கத்துல சேணம் சரிஞ்சு பள்ளத்துல விழும். எலுமிச்சை ஒரு பக்கம் குறைஞ்சா என்ன பண்ணுவீங்க, நாச்சிமுத்து?”

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“கல்லு வச்சுச் சரிக்கட்டுவாரு. எத்தனை தடவை பாத்திருக்கேன்!” என்றார் பொன்னழகு.

“மலையில நாப்பது பேரு குதிரை வச்சிருக்கான், அப்பு” என்றார் நாச்சிமுத்து.

“அந்த நாப்பது பேர்ல இந்த ரூமுக்குச் சாவி வச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான்” என்றார் சேதுபதி.

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். “கஞ்சா விக்கிறவக ஒரே ஒரு நா வைக்கணும்னாக. முத்துச்சாமி உள்ள போவான்னு நினைக்கல.”

“போனப்புறம் நினைச்சீகளா மாமா?” என்றாள் புவனேஸ்வரி.

 நாச்சிமுத்துவுக்கு விலங்கு மாட்டிப் போலீஸ் ஜீப்புக்கு அழைத்துப் போனார்கள். அவருக்கு முன்பே புவனேஸ்வரி பின்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“நீ எதுக்கும்மா ஏறுற?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“இவரு உள்ள போனா அவரு வெளிய வரணும்ல? கூட்டிட்டு வாரேன்.”

“கோர்ட்டு சொல்லணும். நாளைக்குத்தான்.”

“அப்ப கோர்ட்டு வாசல்ல இறக்கி விடுங்க.”